எந்த இடத்திலும் நிற்பவன்

பொங்கலுக்கு என் மகள் வயிற்றுப் பேரன் அமெரிக்காவிலிருந்து வந்திருந்தான். டெக்ஸாஸில் கல்லூரியில் படிக்கிறான். இருந்த இருபது நாளில் பாதி நாள் ராத்திரி கண் விழித்துக் கைபேசியில் அவன் கல்லூரியின் ஃபுட்பால் ஆட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கும் வயதுக்கேற்றபடி தூக்கம் வருவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.

அவர்கள் ஃபுட்பால் என்று சொல்வது நம் கால்பந்து அல்ல. பந்து தேங்காய் மாதிரி நீளமாக இருக்கிறது. கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிறார்கள், எறிகிறார்கள். ஒரு பக்கத்துக்குப் பதினோரு பேர். அதில் ஐந்து பேர் மலை மாதிரி ஆட்கள். எதிரியைத் தடுத்து நிற்பதுதான் அவர்கள் வேலை. சாதாரணமாகப் பந்தைப் பிடிக்க எறியும்போது அவர்கள் பிடிக்கக்கூடாது. ஓரங்களில் நிற்கும் ஒல்லியான ஓட்டக்காரர்களுக்குப் பிடிப்பதுதான் முக்கிய வேலை. இந்த இரண்டு சாதிக்கும் நடுவில் ஒருவன் நிற்கிறான். அவனுக்கு டைட் எண்ட் என்று பெயர். ஒரு தடவை மலைகளோடு மலையாக நின்று தடுக்கிறான். அடுத்த தடவை அதே இடத்திலிருந்து ஓடிப்போய்ப் பந்தைப் பிடிக்கிறான்.

"இப்போ எல்லா காலேஜும் இந்த மாதிரி ஆளைத்தான் தேடுது தாத்தா" என்றான் பேரன். ஏன் என்று கேட்டேன். இப்போது அங்கே பல கல்லூரிகள் ஆட்களை மைதானத்தின் அகலம் முழுவதும் பரப்பி நிறுத்தி ஆடுகின்றனவாம். எதிரணியும் அதற்கேற்பப் பரவ வேண்டியிருக்கும். நடுவில் இடைவெளி கிடைக்கும். இந்த அணி ஆளை மாற்றாமல் வேகவேகமாக அடுத்தடுத்த ஆட்டத்தைத் தொடங்கினால் எதிரணிக்கும் ஆள் மாற்ற நேரம் கிடைக்காது. அவர்கள் கனத்த ஆட்களோடு நின்றால் டைட் எண்ட் ஓடுவான்; ஒல்லி ஆட்களோடு நின்றால் நின்று முட்டுவான். அவன் எதைச் செய்வான் என்று யாருக்கும் தெரியாது. அதுதான் அவன் விலை.

இந்த இடத்துக்கு ஆள் தேடுகிறவர்கள் கூடைப்பந்து மைதானங்களிலும் போய்ப் பார்ப்பார்களாம். டோனி கொன்சாலெஸ் என்பவர் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் இரண்டு ஆட்டமும் ஆடியவர். அன்டோனியோ கேட்ஸ் என்பவர் கல்லூரியில் கூடைப்பந்து மட்டுமே ஆடிவிட்டு, 2003இல் நேராகத் தொழில்முறை அணியில் டைட் எண்டாகச் சேர்ந்தார். இரண்டு பேரும் இன்று அந்த நாட்டின் புகழ்மண்டபத்தில் இருக்கிறார்கள்.

பேரன் சொல்லி முடித்துவிட்டுத் தூங்கப் போய்விட்டான். எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த நேரத்தில் எனக்கு வந்தது 1962ஆம் வருடத்து ஞாபகமும், அதற்குப் பின்னால் என் கையால் ஒரு பதிவேட்டில் போட்ட ஒரு கோட்டின் ஞாபகமும். இரண்டையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

*

என் பள்ளிப்படிப்பு பிரெஞ்சு மொழியில் நடந்தது என்பது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும். கால்பந்தின் சொற்களையும் நான் முதலில் பிரெஞ்சில்தான் கற்றேன். நடு முன்னாட்டக்காரர் அவாந் சாந்த்ர். பந்து காப்பவர் கார்தியான். பின்வரிசை அரியேர். பள்ளிக்கூட மண்தரையில் எங்கள் ஆசிரியர் இந்தச் சொற்களைச் சொல்லித்தான் எங்களை நிறுத்துவார். சாயங்காலம் காரைக்கால்மேட்டுக் கடற்கரையில் மீனவப் பிள்ளைகளோடு ஆடும்போது அந்தச் சொற்களுக்கு மதிப்பு இல்லை. அங்கே வரிசையும் இல்லை, இடமும் இல்லை. வலை இழுத்து முடிந்ததும் எத்தனை பேர் மிஞ்சினார்களோ அத்தனை பேர் அணி. ஒரே பையன் கோல் காப்பான். பந்து கைக்கு வந்தால் அதை உதைத்துக்கொண்டு எதிர்க்கோல் வரை போய்விடுவான். கட்டுமரத்தில் துடுப்புப் போடுகிறவனே வலையும் விடுகிறான், மீனும் கழிக்கிறான். அந்தப் பழக்கம் ஆட்டத்திலும் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

நாங்கள் எந்த நாட்டுக்காரர்கள் என்பதும் அப்போது இதே போலத்தான் இருந்தது. இளைய வாசகர்களுக்காகச் சொல்கிறேன். 1954 அக்டோபர் 18ஆம் தேதி கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு சேர்வதற்கு ஆதரவு. நவம்பர் 1ஆம் தேதி நிர்வாகம் இந்தியா கைக்கு வந்தது. ஆனால் சட்டப்படி ஒப்படைக்கும் ஒப்பந்தம் 1956 மே 28ஆம் தேதிதான் கையெழுத்தானது. பிரெஞ்சு நாடாளுமன்றம் அதை ஏற்று, ஒப்படைப்பு முழுமையானது 1962 ஆகஸ்ட் 16ஆம் தேதி. நடுவில் ஏறக்குறைய எட்டு வருடம் நாங்கள் ஆளப்பட்டது டெல்லியால். சட்டப் புத்தகத்தில் இருந்தது பாரீஸ்.

என் தகப்பனாருக்குக் கால்பந்து பைத்தியம். அவர் அடிக்கடி சொன்ன கதை 1948 லண்டன் ஒலிம்பிக்கைப் பற்றியது. சுதந்திர இந்தியா ஒலிம்பிக்கில் ஆடிய முதல் கால்பந்து ஆட்டம் அது. எதிரணி யார் தெரியுமா? பிரான்ஸ். நம்மவர்களில் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடினார்கள். இரண்டு பெனால்டிகளைத் தவறவிட்டார்கள். இந்தியாவின் ஒரே கோலைப் போட்டவர் சாரங்கபாணி ராமன். 2-1 என்று பிரான்ஸ் வென்றது. காரைக்கால் அப்போது பிரெஞ்சு மண். தகப்பனார் வேலை பார்த்த இடத்தில் பறந்தது பிரெஞ்சுக் கொடி. "ஜெயிச்சது நம்ம ஊர்க் கொடி, தோத்தது நம்ம ஊர் ஆளு" என்று சொல்லிச் சிரிப்பார்.

1960இல் ரோம் ஒலிம்பிக்கில் மறுபடியும் இந்தியாவும் பிரான்சும் ஒரே பிரிவில் வந்தன. பி.கே. பானர்ஜி கோல் போட்டார். ஆட்டம் 1-1 என்று சமமாக முடிந்தது. எனக்கு அப்போது பத்து வயது. "இதுல எது நம்ம அணிப்பா?" என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "இன்னும் கையெழுத்து ஆகலைடா" என்றார். அரசாங்க வேலையில் இருந்தவர் அல்லவா, அவருக்கு எல்லாமே கையெழுத்துதான்.

*

இப்போது ரஹீம் அவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். சையது அப்துல் ரஹீம். ஐதராபாத்துக்காரர். தொழிலால் பள்ளி ஆசிரியர். ஐதராபாத் நகரக் காவல்துறை அணிக்குப் பயிற்சி கொடுத்தார். அந்த அணி 1950 முதல் 1954 வரை ஐந்து வருடம் தொடர்ந்து பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையை வென்றது. 1951இல் டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியா தங்கம் வென்றபோதும் பயிற்சியாளர் அவர்தான். மறு வருடமே ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று அடி. அந்த அடியில் இருந்துதான் அவர் பாடம் படித்தார். பூட்ஸ் போட்டு ஆடுவது கட்டாயமானது.

1953 நவம்பரில் லண்டன் வெம்பிளி மைதானத்தில் ஹங்கேரி அணி இங்கிலாந்தை 6-3 என்று தோற்கடித்தது. உலகமே அதிர்ந்தது. ஹங்கேரியின் தந்திரம் எளிமையானது. அவர்களுடைய அவாந் சாந்த்ர் ஹிடெகுடி முன்னால் நிற்கவில்லை. பின்னால் இறங்கி நின்றார். அவரைக் காவல் காக்க வேண்டிய ஆங்கிலேயத் தடுப்பாட்டக்காரருக்கு அவரைத் தேடிக்கொண்டு வெளியே வருவதா, தன் இடத்திலேயே நிற்பதா என்று புரியவில்லை. வெளியே வந்தால் அவர் விட்ட இடத்தில் மற்றவர்கள் நுழைந்தார்கள். நின்றால் ஹிடெகுடி தானே கோல் போட்டார். அன்று மூன்று போட்டார். பேரன் சொன்ன அமெரிக்கக் கதையும் இதே கதைதான். ஒருவன் நிற்கும் இடத்தை வைத்து அவன் வேலையை எதிரி ஊகிக்க முடியாமல் செய்ய வேண்டும்.

ரஹீம் இந்த மாதிரிப் புதிய முறைகளை ஊன்றிப் படித்து இந்திய அணிக்குக் கொண்டு வந்தார். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்றது. நெவில் டிசூசா மூன்று கோல். ஒலிம்பிக் அரையிறுதிக்குப் போன முதல் ஆசிய அணி நம்முடையது. கடைசியில் நான்காம் இடம் கிடைத்தது.

ஐதராபாத்தில் அவர் இளைஞர்களுக்கு நடத்திய சின்னச் சின்னப் போட்டிகளைப் பற்றிப் படித்திருக்கிறேன். ஒரு போட்டியில் பழகாத காலால் மட்டுமே உதைக்க வேண்டும். வலதுகாலன் இடதுகாலால் ஆட வேண்டும். இன்னொரு போட்டியில் பந்தைக் காலிலேயே வைத்துக்கொண்டு ஓடக்கூடாது, உடனே கொடுத்துவிட வேண்டும். ஒருவன் தனக்குத் தெரிந்த ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருக்கக்கூடாது என்பது அந்த ஆசிரியரின் கொள்கை. ஆள் தேர்ந்தெடுக்கும்போதும் அவர் அப்படித்தான் பார்த்தார்.

*

1962 ஆகஸ்ட் 16. எங்களுக்குச் சட்டப்படி கையெழுத்து ஆகிவிட்டது. கொடியும் பேச்சும் மிட்டாயும் நடந்தன. அதோடு இன்னொன்றும் தொடங்கியது. பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்கிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம். ஒப்சியோன் என்று எங்கள் ஊரில் சொல்வோம். எங்கள் தெருவில் அந்த ஆறு மாதமும் எந்தத் திண்ணையிலும் இதே பேச்சு. சொல்தாவாக இருந்து ஓய்வூதியம் வாங்கிக்கொண்டிருந்தவர்களுக்குக் கணக்கு எளிது. மற்றவர்களுக்கு எளிதல்ல. என் தகப்பனார் படிவத்தை வாங்கி வந்து பெட்டியில் வைத்திருந்தார். அதில் அவர் பெயரைக்கூட எழுதவில்லை. அம்மா கேட்டால் "பார்ப்போம்" என்பார்.

சரியாக அந்த நாட்களில்தான் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுப் போட்டி தொடங்கியது. பேரளத்திலிருந்து ரயிலில் பத்திரிகை வந்து சேரும்போது பொழுது ஏறிவிடும். தகப்பனார் அதற்காகவே நிலையத்துக்குப் போய் நிற்பார்.

முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 2-0 என்று தோல்வி. அடுத்து தாய்லாந்தை 4-1 என்று வென்றோம். ஆனால் அந்த ஆட்டத்தில் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் பலமான காயம். தையல் போட வேண்டியதாயிற்று. ஜர்னைல் சிங் நம் பின்வரிசையின் தூண். பிரிவினையின்போது சிறுவனாக இந்தியப் பக்கம் வந்தவர். பஞ்சாபில் மாஹில்பூர் கால்சா கல்லூரியில் படித்து, பிறகு கல்கத்தா மோகன் பகான் அணிக்கு வந்தவர். அவர் இல்லாமலே ஜப்பானை 2-0 என்று வென்றோம். ஆனால் அரையிறுதிக்கு என்ன செய்வது? தலையில் தையலோடு இருக்கிறவரைப் பின்வரிசையில் நிறுத்தினால், உயரமாக வரும் ஒவ்வொரு பந்தையும் அவர் தலையால் முட்டித் தள்ள வேண்டும்.

எந்தப் பயிற்சியாளரும் அவரை ஓய்வெடுக்கச் சொல்லியிருப்பார். ரஹீம் அப்படிச் செய்யவில்லை. கல்லூரி நாட்களில் ஜர்னைல் முன்வரிசையில் ஆடியவர் என்பது அவருக்குத் தெரியும். தடுப்புத் தூணைக் கொண்டுபோய் அவாந் சாந்த்ர் இடத்தில் நிறுத்தினார். பின்வரிசையை அருண் கோஷ் போன்றவர்கள் பார்த்துக்கொண்டார்கள். தென்வியட்நாமோடு அரையிறுதி. 3-2 என்று இந்தியா வென்றது. சுனி கோஸ்வாமி இரண்டு, ஜர்னைல் ஒன்று.

செப்டம்பர் 4ஆம் தேதி இறுதி ஆட்டம். மறுபடியும் அதே தென்கொரியா. செனயான் மைதானத்தில் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர். அத்தனை பேரும் நமக்கு எதிர். இஸ்ரேலையும் தைவானையும் அழைக்காததால் இதை ஆசிய விளையாட்டுப் போட்டி என்றே சொல்லக்கூடாது என்று இந்தியாவைச் சேர்ந்த விளையாட்டு அதிகாரி ஜி.டி. சோந்தி பேசியிருந்தார். இந்தோனேசிய மக்களுக்குக் கோபம். நம் தேசிய கீதத்தின்போதே கூச்சல். நமக்காகக் கைதட்டியவர்கள் பாகிஸ்தான் ஹாக்கி அணியினர் என்று பின்னால் படித்தேன்.

17ஆம் நிமிடம் பி.கே. பானர்ஜி. 20ஆம் நிமிடம் ஜர்னைல் சிங். கடைசி ஐந்து நிமிடத்தில் கொரியா ஒரு கோல் போட்டது. 2-1. தங்கம். அன்று கோல் காத்தவர் பீட்டர் தங்கராஜ். சளிக்காய்ச்சலில் படுத்திருந்து எழுந்து வந்தவர்.

தங்கராஜ் பெயரைப் பார்த்தே எங்கள் ஊரில் எல்லோரும் சொந்தம் கொண்டாடினோம். அவர் கதையும் இந்தக் கட்டுரைக்கு உரியதுதான். ஐதராபாத்தில் பிறந்தவர். சிறு வயதில் செகந்திராபாத்தில் அவர் ஆடியது கோலில் அல்ல. முன்வரிசையில், கோல் போடும் இடத்தில். 1953இல் ராணுவத்தில் சேர்ந்து, குன்னூர் வெலிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமெண்டல் சென்டர் அணிக்கு வந்தார். அங்கேதான் அவரைக் கோல் காக்க நிறுத்தினார்கள். 1955இலும் 1958இலும் அந்த அணி டியூராண்ட் கோப்பையை வென்றது. கோல் போட்டுப் பழகியவருக்கு, எதிரே வருகிறவன் எந்தப் பக்கம் உதைக்க நினைப்பான் என்று தெரியாமலா இருக்கும்?

ஆக, ஜகார்த்தாவில் தங்கம் வாங்கிய அணியில் கோல் போட்டவர்களில் ஒருவர் தடுப்பாட்டக்காரர். கோல் காத்தவர் முன்னாள் முன்னாட்டக்காரர். உலகக் கோப்பையில்கூட ஆட்டத்தின் நடுவில் மாற்று ஆளை இறக்குவது 1970இல்தான் வந்தது. அந்தக் காலத்தில் பதினோரு பேரைத் தேர்ந்தெடுத்தால் அந்தப் பதினோரு பேரோடுதான் வாழ்வும் சாவும். இரண்டு வேலை தெரிந்த ஒருவன் அணியில் இருந்தால் பன்னிரண்டாவது ஆள் இருந்த மாதிரி.

ரஹீமுக்கு அப்போதே நுரையீரலில் புற்றுநோய். 1963 ஜூன் 11ஆம் தேதி காலமானார். அதற்குப் பிறகு இன்றுவரை ஆசிய விளையாட்டில் கால்பந்துத் தங்கம் நமக்குக் கிடைக்கவில்லை.

பத்திரிகை வந்த அன்று தகப்பனார் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே வந்தார். கடைக்காரரிடம் ஒரு தடவை, எதிர்வீட்டுக்காரரிடம் ஒரு தடவை, வீட்டில் ஒரு தடவை என்று செய்தியை வாசித்தார். பிரெஞ்சு, தமிழ் இரண்டையும் கலந்துதான் அவர் சந்தோஷப்படுவார். நான் பழைய கேள்வியைக் கேட்கவில்லை. அந்தப் படிவம் கடைசிவரை பெட்டியிலேயே இருந்தது. கால்பந்துக்காக அவர் அப்படி முடிவெடுத்தார் என்று சொல்ல மாட்டேன். நிலம் இருந்தது, பாட்டி இருந்தாள், வேறு நூறு காரணங்கள். ஆனாலும் ஆறு மாத யோசனையில் அந்த ஒரு நாளும் இருந்தது.

*

இனிதான் நான் எழுதத் தயங்கிய பகுதி.

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் எழுத்தராக வேலைக்குச் சேர்ந்தேன். பிரெஞ்சும் ஆங்கிலமும் தமிழும் தெரிந்தவன் என்பதால் என்னை ஓரிடத்தில் உட்கார விட மாட்டார்கள். பழைய எத்தா சிவில் பதிவேட்டிலிருந்து பிறப்புச் சான்று எடுக்க வேண்டுமா, கூப்பிடு அவனை. பிரெஞ்சுக் காலத்து நிலப் பத்திரத்தை மொழிபெயர்க்க வேண்டுமா, கூப்பிடு. கணக்குப் பிரிவில் ஆள் விடுப்பா, கூப்பிடு. பிரெஞ்சில் இரண்டு சொற்கள் உண்டு. பல வேலை தெரிந்தவனைப் பொலிவலான் என்பார்கள். அது பாராட்டு. காலியான இடத்தில் கொண்டுபோய் வைக்கப்படுபவனைப் பூஷ் த்ரூ என்பார்கள். ஓட்டையை அடைக்கும் கட்டை என்று பொருள். நம் ஊர்ப் பிள்ளைகள் விளையாட்டில் சொல்லும் ஒப்புக்குச் சப்பாணிக்குப் பக்கத்தில் வரும். ஒரே ஆளைத்தான் இரண்டு பெயராலும் கூப்பிடுகிறார்கள். எந்தப் பெயர் என்பது கூப்பிடுகிறவரின் கண்ணைப் பொறுத்தது.

வேலைக்குச் சேர்ந்து ஐந்தாறு வருடம் கழித்து ஒரு தேர்வு நடந்தது. ஒரு கால்பந்து அணிக்கு ஆள் எடுத்தார்கள். தேர்வானவர்களுக்குப் பின்னால் வேலை கிடைக்கவும் வாய்ப்பு இருந்தது. எந்த அணி, எந்த அலுவலகம் என்பது வேண்டாம். மேசைக்குப் பின்னால் மூன்று பேர். ஓரத்தில் பதிவேட்டோடு நான். பெயர், வயது, படிப்பு, ஆடும் இடம் என்று கட்டங்கள்.

காரைக்கால்மேட்டுப் பையன் ஒருவன் வந்தான். பத்தொன்பது வயது இருக்கும். அவன் கடற்கரையில் ஆடுவதை நான் பல சாயங்காலங்களில் பார்த்திருக்கிறேன். கோலில் நின்றால் பூனை மாதிரி பாய்வான். பின்னால் நின்றால் அவனைத் தாண்டுவது கஷ்டம். முன்னால் விட்டால் ஓட்டத்தை நிறுத்த முடியாது. ஊர் அணியில் யார் வரவில்லையோ அவன் இடத்தில் இவன் நிற்பான்.

"எந்த பொசிஷன்?" என்று கேட்டார் ஒருவர்.

"எங்க நிக்கச் சொன்னாலும் நிப்பேன் சார்."

"எங்க நல்லா ஆடுவே, அதைச் சொல்லு."

அவன் யோசித்தான். "எங்க ஆளு குறையுதோ அங்க சார்."

மூவரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. "இவனுக்கே தெரியலையே தம்பி" என்றார் நடுவில் இருந்தவர். அடுத்த ஆளைக் கூப்பிடச் சொன்னார். நான் என்ன எழுதுவது என்பது போல அவரைப் பார்த்தேன். "ஒண்ணும் எழுத வேணாம்" என்று கையை அசைத்தார். அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட்டேன். அவனை மைதானத்தில் இறக்கிப் பார்க்கவே இல்லை.

என்னைத் தவிர அந்த மேசையில் யாருக்கும் அவன் ஆட்டம் தெரியாது. "ஐயா, இவனைப் பத்து நிமிஷம் ஆடவிட்டுப் பாருங்கள்" என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது. ஜர்னைல் சிங் கதையைச் சொல்லியிருக்கலாம். அந்தக் கதை அந்த மூவருக்கும் தெரியாததல்ல. ஆனால் எழுத்தன் பேசினால் என்ன நினைப்பார்களோ என்று பேசாமல் இருந்தேன். அலுவலகத்தில் என்னையே ஓட்டையடைக்கும் கட்டையாக வைத்திருக்கிறார்கள் என்று தினமும் மனத்துக்குள் குமைந்தவன்தான் நான். அன்று அதே பெயரை இன்னொருவனுக்கு என் கையால் எழுதிக் கொடுத்தேன்.

*

அவன் கடலுக்கே போனான். பிறகு சில வருடம் வளைகுடாவில் வேலை பார்த்தான். திரும்பி வந்து சொந்தமாகப் படகு வாங்கினான். 2004 டிசம்பர் 26ஆம் தேதி அலை காரைக்கால்மேட்டுக்குள் புகுந்தபோது படகும் வலையும் போயின. குடும்பம் தப்பியது. எல்லாவற்றையும் மறுபடி தொடங்கினான். நாங்கள் ஆடிய மணல்திட்டு மட்டும் திரும்ப வரவில்லை. கரையின் வடிவமே மாறிவிட்டது.

பேரன் ஊருக்குப் போன மறுவாரம் நான் காரைக்கால்மேட்டுக்குப் போனேன். அவர் வீட்டு வாசலில் வலை கட்டிக்கொண்டிருந்தார். இப்போது அவருக்கும் அறுபத்தைந்துக்கு மேல். நாற்காலி போடச் சொல்லி டீ வரவழைத்தார். நான் சுற்றி வளைக்காமல் அந்தத் தேர்வு நாளைப் பற்றிச் சொன்னேன். அன்று நான் பேசியிருக்க வேண்டும் என்று சொன்னேன்.

அவர் வலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கோடு போட்டீங்க சார். நீலப் பேனா" என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே, "அன்னிக்கு ஒரே எடத்தைச் சொல்லியிருக்கலாம் சார். பேக்னு சொல்லியிருந்தா எடுத்திருப்பாங்க. நமக்குப் பொய் சொன்ன மாதிரி இருந்துச்சு" என்றார். ஒரு பேச்சு கோபமாகப் பேசவில்லை. அதனால் எனக்கு லேசாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

கிளம்பும்போது அவருடைய பேரன் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தான். பதினான்கு வயது. ஏதோ முகாமுக்கு ஆள் எடுக்கிறார்களாம், படிவம் கொண்டு வந்திருந்தான். "சார்தான் நல்லா எழுதுவாரு, அவருகிட்டக் குடுடா" என்றார் தாத்தா. வாங்கிப் பார்த்தேன். ஐம்பது வருடம் ஆகிறது, அதே கட்டம் அப்படியே இருக்கிறது. ஆடும் இடம். ஒரு சொல் எழுதத்தான் இடம் விட்டிருக்கிறார்கள்.

"எங்கப்பா ஆடுவே?" என்று கேட்டேன்.

"கோல்கீப்பர், ஆனா பேக்கும் ஆடுவேன், சில நாள் முன்னாடியும் விடுவாங்க" என்றான்.

பேனாவைத் திறந்து மூன்றையும் எழுதினேன். கட்டம் போதவில்லை. எழுத்தைச் சின்னதாக்கி ஓரம் வரைக்கும் எழுதினேன். அது பத்தாது என்று பின்பக்கம் திருப்பி, இந்தப் பையனை மூன்று இடத்திலும் ஆடவிட்டுப் பார்க்க வேண்டுகிறேன் என்று நான்கு வரி எழுதி, ஓய்வுபெற்ற அரசு ஊழியர் என்று கையெழுத்துப் போட்டேன். அந்தக் கையெழுத்துக்கு இன்று எந்த மதிப்பும் கிடையாது என்று எனக்குத் தெரியும். தேர்வு அடுத்த மாதம். நானும் கூடப் போகிறேன்.